மீன்கொத்தித் தெரு, பதினோராம் நம்பர்

எங்கள் தெருவில் குளம் கிடையாது. எந்தக் காலத்திலாவது இருந்ததா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கண்ணால் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் தெருவின் பெயர் குளக்கரைத் தெரு. சரி, அதோடு விட்டார்களா என்றால் இல்லை. எங்கள் வீடுகளின் பின்பக்கம் இன்னொரு தெரு இருக்கிறது. அதன் பெயர் குளத்தோரத் தெரு. இரண்டுக்கும் நடுவே ஆள் மட்டும் போகிற சந்து ஒன்று. அது குளத்துச் சந்து. பெயர் வைத்த மகராசன் யாரோ, அன்றைக்கு அவனுக்கு நல்ல தாகமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு தெருவிலும் வீட்டு எண்கள் ஒரே மாதிரி. இங்கே வர வேண்டியது அங்கே போவதும், அங்கே போக வேண்டியது இங்கே வருவதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். புது சோபா வந்து இறங்கும். ஆசையாக உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். ஒருமுறை குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் வந்து, மாவு மில் அண்ணன் வீட்டுக் குளியலறைச் சுவரைப் பாதி இடித்த பிறகுதான் தெரு மாறி வந்தது தெரிந்தது. அண்ணன் கூப்பிட்டிருப்பார் என்று அண்ணியும், அண்ணி கூப்பிட்டிருப்பாள் என்று அண்ணனும் சும்மா இருந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

இதையெல்லாம் சிரித்துப் பேசியே காலத்தை ஓட்டினோம். பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு, பதினோராம் நம்பர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பிரேக் சார் என்று பெயர். கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டும் காரில் வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர் கண்மண் தெரியாமல் மிதித்தால் வாத்தியார் தன் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துவார். வாழ்நாள் முழுக்க அந்த இருக்கையில் உட்கார்ந்ததில் அவருடைய வலது கால் சொந்தப் புத்தியோடு நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் போனால் முன் சீட்டின் அடியை மிதிக்கும். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு போனால் தரையை மிதிக்கும். யாராவது வேகமாகப் பேசினால்கூட மிதிக்கும். அவர் நாற்காலிக்கு முன்னால் கிடந்த விரிப்பில் வலது கால் படுகிற இடம் மட்டும் நைந்து ஓட்டையாகியிருந்தது.

நாற்பது தாண்டிய பிறகு எனக்குக் கார் ஓட்ட ஆசை வந்தது. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிரேக் சார் சிரிக்கவில்லை. சொல்லிக்கொடுத்தார். முதல் தேர்வில், ரோட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த நாய்க்காக வண்டியை நிறுத்தி, அது எழுந்து போகும்வரை நான் காத்திருந்தேன். பெயிலாக்கிவிட்டார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த என்னிடம் அவர் சொன்னார்: "நாய் பொழைச்சுது இல்லம்மா? அப்ப நீங்க பாஸ்தான். அவங்க பேப்பர்ல மட்டும்தான் பெயிலு."

வாய் குறைந்த மனிதர். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் கழுத்து நிமிரும்: "என் வண்டியில இதுவரைக்கும் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி காலுக்குத் தெரியணும்மா." அது வெறும் பெருமை இல்லை. அப்படித்தான் அவர் வாழ்க்கையையே பார்த்தார். எது வந்தாலும் வருவதற்கு முன்னால் காலை அழுத்தினால் நின்றுவிடும் என்று நம்பினார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு வாய்க்குக் குறைவே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள். ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்து முடித்த துணிகளில் குறை பார்த்துத் தள்ளுகிற வேலை. அவள் எதிரில் யாரும் நிம்மதியாக நிற்க முடியாது. பேசிக்கொண்டே நம் தோளிலிருந்து ஒரு நூலைப் பிடுங்குவாள், காலரைத் திருப்பிப் பார்ப்பாள், "எவன் தெச்சான் இத?" என்பாள். அவளும் ஒரு காலத்தில் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள்தான். ஸ்டியரிங்கைப் பார்க்கச் சொன்னால் வாத்தியாரின் கைமடிப்பில் தையல் விட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கடைசியில் கல்யாணம் நடந்தது, லைசென்ஸ் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூல் கழித்துக்கட்டியபோது அவர் வாங்கிக்கொண்ட பழைய காரில் இருவரும் வெளியே போவார்கள். அன்றைக்கு அவர் ஓட்டுவார். வாத்தியார் சீட்டில் அக்கா. கடை எதையாவது பார்த்துவிட்டால் வாயைத் திறந்து நிறுத்தச் சொல்ல மாட்டாள். தன் பக்கத்துப் பிரேக்கை ஒரு மிதி. வண்டி குலுங்கி நிற்கும். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிப்பான். அவர் ஓரமாக நிறுத்துவார். ஊரையே பயமில்லாமல் ஓட்ட வைத்தவரை நிறுத்துகிற அதிகாரம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

அப்புறம் அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. கொஞ்ச காலம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார்கள். பிறகு டாக்டர்கள், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். தூர ஊரில் இருந்த மகள் வந்து வந்து போனாள். கட்டிலை முன்னறைக்கு மாற்றி, தெரு தெரிகிற மாதிரி ஜன்னலோரமாகப் போட்டார்கள். அக்கா படுத்தபடியே போகிற வருகிறவர்களின் சட்டைகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். நாளுக்கு நாள் குரல் மெலிந்ததே தவிர, குறை குறையவில்லை.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. காலை வேளை, நான் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளை வேன் ஒன்று முனையில் திரும்பி, கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வந்து எதிர்வீட்டில் நின்றது. பக்கவாட்டில் அமரர் ஊர்தி என்று எழுதியிருந்தது. அக்கா போய்விட்டாளா, எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போவதற்குள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழைந்துவிட்டார்கள். அந்த வீட்டுக் கதவைப் பகலில் சாத்துகிற வழக்கமே இல்லை. நுழைந்ததும் கட்டில். கட்டிலில் கழுத்துவரை போர்வையோடு, எலும்பும் தோலுமாக, கண்ணை மூடிப் படுத்திருந்த அக்கா. வந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஒருவர் தலைமாட்டிலும் ஒருவர் கால்மாட்டிலும் நின்று போர்வையில் கை வைத்துவிட்டார்கள். நான் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "யாருப்பா நீங்க?"

கால்மாட்டில் நின்ற மீசைக்காரர் பின்னால் துள்ளியதில் மருந்து மேசை சரிந்தது. "இது... பதினோராம் நம்பர்தானே?"

"பதினொண்ணுதான். ஆனா உங்க பதினொண்ணு பின்னாடி தெருவுல இருக்கு. அங்க பல் டாக்டரோட அப்பாவுக்கு முடியாம இருந்துச்சு. அவரா போயிட்டாரு?"

மீசைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நல்ல மனுஷன். முனைக்குப் போயி இடது பக்கம் திரும்புங்க. பாத்துப் போங்க, வண்டி மில்லு வாசல்ல இடிக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்: "அப்புறம், உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் தொங்குது. விழறதுக்குள்ள தெச்சுக்கங்க."

அப்போதுதான் பின்கட்டிலிருந்து பிரேக் சார் வந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, கையில் ரேஸர். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், போர்வையை விட்டு இன்னும் விலகாத அந்தக் கையைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார்.

அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா இருமல் வரும்வரை சிரித்தாள். "வந்ததுதான் வந்தாங்க, ஒரு தடவ ஏத்தி எறக்கியிருந்தா அளவு சரியா இருக்கான்னாவது பாத்திருக்கலாம்." அதையே போனில் மகளிடமும் சொல்லிச் சிரித்தாள். மகள் அழுதிருக்க வேண்டும்; "அட, இதுக்கெல்லாமா" என்று அக்கா அதட்டியது எனக்குக் கேட்டது. நானும் அங்கே சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

பிரேக் சார் மீதிக் கன்னத்தைச் சவரம் செய்யவே இல்லை. நேரே போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவு பகலிலும் தாழிட்டே கிடந்தது.

மறுநாளே தெருப் பெயரை மாற்றச் சொல்லி நகராட்சியில் மனு கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு நிற்கவில்லை. நடையாய் நடந்தார். இந்த மேசைக்காரர் அந்த மேசையைக் காட்டுவார், அந்த மேசைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். வாய் திறக்காத மனிதர், கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று கொரியர், தீயணைப்பு வண்டி, கேஸ் சிலிண்டர் என்று அடுக்கினார். தெருவில் எல்லோருக்கும் வியப்பு. "சாருக்கு என்ன ஆச்சு, எலெக்ஷன்ல நிக்கப் போறாரா?" என்று மில் அண்ணன் என்னிடமே கேட்டார்.

ஒருநாள் நானே என் காரில் அவரை நகராட்சிக்கு அழைத்துப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

"சார், இத்தன வருஷமா இல்லாத அவசரம் இப்ப என்ன சார்? அக்காவுக்குப் பக்கத்துல இருக்கற நேரத்துல..."

சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது வீட்டப் பாத்துட்டுப் போயிடுச்சும்மா."

"எது சார்?"

"வண்டி. உள்ளயே வந்துடுச்சு. அவ மேல கையே வெச்சுட்டாங்க. அட்ரஸ் தெரிஞ்சுபோச்சு. அடுத்த தடவ வரும்போது இந்தப் பேருல தெருவே இருக்கக் கூடாது. வரட்டும். வந்து அலையட்டும். யாரக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லட்டும். அலுத்துப்போயித் திரும்பிடும்."

படித்தவர், விவரமானவர், மழையில் டயர் எப்படி வழுக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவர். இப்படியுமா ஒருவர் தன்னை ஏமாற்றிக்கொள்வார் என்று கோபம்கூட வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்கவில்லை. பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்ததும் பதறிக் கிளட்சை விட்டதில் வண்டி நின்றுபோனது. லைசென்ஸ் வாங்கிய பிறகு எனக்கு அப்படி ஆனதே இல்லை. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அக்காவிடம் இதை மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான் நினைத்து என்ன. ஒருநாள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட கொரியர்காரன் கதைதான் சொல்றாரு. நானும் ம்ம்ம்னு கேட்டுக்கறேன். அவரு யார அலைய விடப் பாக்கறாருன்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லக் கூடாதாக்கா? வெயில்ல அலையறாரே."

"வேண்டாம்டி. இந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்தா அவரு காலுக்கு மிதிக்க ஒண்ணும் இல்ல. அங்க போயி எதையாவது மிதிச்சுட்டு வரட்டும்." பிறகு சீப்பை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். "நான் போன பிறகு ஞாயித்துக்கிழமையில அவர வெளிய கூட்டிட்டுப் போ. அவரு மாட்டேன்னுதான் சொல்லுவாரு. நீ கேக்காத."

ஒருவழியாகக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். வார்டு அலுவலகத்து மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், கூவுகிற மைக். நகராட்சி அதிகாரியாக வந்தது ஒரு அம்மாள். வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தெளிவாகப் பேசினார். மூன்று பெயரும் ஒன்றுபோல இருக்கிறது, சந்துக்கு வெறும் எண் போதும், குளக்கரைத் தெருதான் பழையது, வீடுகளும் அதிகம், அதனால் அது அப்படியே இருக்கட்டும், குளத்தோரத் தெருவுக்கு மட்டும் புதுப்பெயர் வைத்துவிடலாம் என்றார். எங்கள் தெருக்காரர்கள் பக்கம் பெருமூச்சு கேட்டது. எங்களில் யாருடைய பத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மில் அண்ணன், "அம்மா சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்" என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

அந்தத் தெருப் பல் டாக்டர் எழுந்தார். "என் போர்டுல, சீட்டுல, எல்லாத்துலயும் இந்த அட்ரஸ்தான். பேர மாத்திட்டீங்கன்னா பல்லு வலிக்கறவன் எங்க போயித் தேடுவான்?"

"வலிச்சா தேடி வந்துடுவான் டாக்டர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். கவுன்சிலர் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், புதுப்பெயராகத் தன் அப்பாவின் பெயரை வைக்கலாமே என்று போட்டுப் பார்த்தார். மனிதர்கள் பெயர் கூடாது என்று விதி இருப்பதாக அதிகாரி சொன்னார். "அப்ப புதுக் குளத்தோரத் தெருன்னு வெச்சுடுவோம்" என்றார் ஒருவர், ரொம்ப யோசித்து. அவரை உட்கார வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிரேக் சார் எழுந்தார். மைக்கை வாங்கவில்லை. "எங்க தெருவ மாத்துங்க" என்றார்.

கூட்டத்துக்குப் புரியவில்லை. புரிந்ததும் எங்கள் ஆட்களே பாய்ந்தார்கள். "சார், உங்களுக்கென்ன, நீங்க ரிடையர் ஆயிட்டீங்க. நான் மில்லு லைசென்ஸ், கரண்ட்டு, பேங்க்குன்னு ஒவ்வொரு எடமா போயி நிக்கணும். சும்மா கெடக்கறத எதுக்கு நோண்டறீங்க?" என்றார் மில் அண்ணன்.

அதிகாரி அம்மாள் பொறுமையாகக் கேட்டார்: "காரணம் சொல்லுங்க சார்."

"கொரியர் மாறிப் போகுது. சிலிண்டர்..."

"அது அவங்க தெருப் பேர மாத்தினாலே சரியாயிடும் இல்லையா?"

நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தபோது பேசினார்.

"உயிரோட இருக்கறவள எடுத்துட்டுப் போக வந்தாங்கம்மா. என் வீட்டுக்குள்ள. போர்வையில கை வெச்சாங்க. அவளுக்கு உடம்பு ரொம்ப முடியல. இருக்கற வரைக்குமாவது அவ வேற அட்ரஸ்ல இருக்கட்டும். அவ்வளவுதான்."

பல் டாக்டர் ஏதாவது சொன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவது என்று நான் தயாராக இருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு வண்டி வந்தது எங்கப்பாவுக்குத்தான். ஏன் லேட்டுன்னு நான் டிரைவரத் திட்டினேன். உங்க வீட்டுக்குள்ள போயிட்டு வந்தாங்கன்னு அவங்க சொல்லல சார்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குளக்கரைத் தெருக்காரர்கள் சம்மதித்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் அதிகாரி. நான் கையைத் தூக்கினேன். பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. "நாளைக்கே போயி பேங்க்ல நிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மில் அண்ணனும் தூக்கினார். ஒரு மனிதருடைய பயத்துக்காக ஒரு தெருவே தன் முகவரியை விட்டுக்கொடுத்தது. எங்களைப் பற்றி நான் எத்தனையோ குறை சொல்வேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

புதுப்பெயரை அதிகாரியே எடுத்துக்கொடுத்தார். "மீன்கொத்தித் தெருன்னு வைக்கலாம். குளத்தோட ஞாபகமும் இருக்கும். இந்த ஊர் பூராத் தேடினாலும் இந்தப் பேர்ல இன்னொரு தெரு கிடையாது. யாரும் வழி கேக்க வேண்டியதே இல்ல, சுலபமா கண்டுபிடிச்சுடலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பிரேக் சாரைப் பார்த்தேன். அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. ஆனால் அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அதற்குமேல் என்ன சொல்வார்?

"மீன்கொத்தியா? நம்ம தெருவுக்கு மீன்காரரே வர்றதில்லயே" என்று அக்கா சிரித்தாள். நீலப் பெயர்ப்பலகையை நட்ட அன்று அவர் தலையணையை உயர்த்தி ஜன்னல் வழியாக அவளுக்குக் காட்டினார். எழுத்துக்களின் இடைவெளி சரியில்லை என்று அவள் குறை கண்டுபிடித்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அக்கா தேறின மாதிரி இருந்தாள். கஞ்சி இறங்கியது. உட்கார்ந்து பேசினாள். பிரேக் சார் தினமும் சவரம் செய்துகொண்டார். ஒருநாள் எதிர்வீட்டு வாசல் கதவு பகலில் திறந்து கிடப்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்து, பலகையைக் காட்டி, "பாத்தீங்களாம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சந்தோஷத்தை நான் எந்த முகத்தோடு கெடுப்பேன்? "ஆமா சார்" என்றேன்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அக்கா இறந்துபோனாள். மகள் பக்கத்தில் இருந்தாள். அவர் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு என் வீட்டுக்காரர்தான் போன் செய்தார். மீன்கொத்தித் தெரு, பதினோராம் நம்பர் என்றுதான் சொன்னார். வேறு எதைச் சொல்வார்?

நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். அவர் மட்டும் அழவில்லை. தெருப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். என்ன எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். வண்டி பின்தெருவில் நுழைந்து ஹாரன் அடிக்க வேண்டும். யாரிடமாவது கேட்க வேண்டும். தெரியாது என்று அவர்கள் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் அது அலைய வேண்டும்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளை வேன் முனையில் திரும்பி நேராக வந்து வாசலில் நின்றது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கியவர் அதே மீசைக்காரர். உள்ளே வந்து கட்டிலைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் சட்டையின் இரண்டாவது பட்டன் வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன். அக்கா இருந்திருந்தால் அந்த நூலுக்கும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

மீசைக்காரர் பிரேக் சார் அருகில் குனிந்தார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம், அவருக்கு என்ன தெரியும். "போன தடவை மாதிரி தப்பு ஆகக் கூடாதுன்னு பயந்துட்டே வந்தேன் சார். பேர மாத்தினது நல்லதாப் போச்சு. மீன்கொத்தின்னா ஊர்லயே ஒண்ணுதான். எங்கயும் கேக்கல. நேரா வந்துட்டோம்."

பிரேக் சார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தாம்ப்பா மாத்தச் சொன்னேன்" என்றார்.

அக்காவை ஏற்றினார்கள். பின்னால் மகளும் நானும் உட்கார்ந்தோம். அவரை முன்னால், மீசைக்காரர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வண்டி நகர்ந்தபோது வாசல்களில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். பல் டாக்டர் சந்து முனையில் நின்றார். முனையில் நீலப்பலகை மழை கழுவியதில் பளிச்சென்று இருந்தது.

முன்சீட்டுகளுக்கு நடுவே அவருடைய கால் எனக்குத் தெரிந்தது. வலது கால் தரையை அழுத்தியது. கொஞ்சம் எடுத்து மறுபடி அழுத்தியது. பிறகு எடுக்காமல், முழங்கால் நடுங்கும் அளவுக்கு, பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்திக்கொண்டே இருந்தது. மீசைக்காரர் அதைக் கவனித்துவிட்டு, "மெதுவாத்தான் சார் போறேன்" என்றார்.

"தெரியும்ப்பா" என்றார் அவர்.

மயானம் வரைக்கும் அந்தக் காலை அவர் எடுக்கவில்லை. வண்டி எங்கேயும் நிற்காமல் போனது.